எண் நிற்கும் வரை

கணக்கைத் தொடங்குவதற்கு முன் அவள் படம் வரைவாள். கேள்வி சுவரைப் பற்றியது என்றால் சுவர். குழாயைப் பற்றியது என்றால் நீளமாக ஒரு குழாய், அதன்மேல் போர்த்திய காப்புறை, உள்ளே ஓடும் நீராவிக்கு ஓர் அம்புக்குறி. அளவுகோலை ஒட்டிப் பென்சிலை இழுக்கும்போது கீழுதடு பற்களுக்கிடையே போயிருக்கும். அழிப்பானின் துகள்களைப் புறங்கையால் ஒதுக்கி, என் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் சிறு குவியலாகச் சேர்த்துவைப்பாள். எழுந்து போகும்போது அந்தக் குவியலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்க் குப்பைக்கூடையில் போடுவாள். அவள் வந்துபோனதற்கு என் வீட்டில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

அணுபுரம் பணியாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே அவள் வீடு. அவளுடைய கணவர் அணுமின் நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளர். காலைப் பணிமுறைக்கான பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும் ஓசை கேட்டதும், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முறத்தில் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். பார்ப்பவர்களுக்குக் கீரை ஆய வந்தவள். கீரைக்கு அடியில் கால்குலேட்டர் இருக்கும்.

பள்ளி நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் விருப்ப ஓய்வு பெற்று நான் வீட்டில் இருந்த காலம் அது. குடியிருப்பில் பலருக்கு அப்போதும் நான் 'டீச்சர்'தான். தமிழ் படித்தவள் நான். வெப்பம் எப்படிப் போகிறது, நீர் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அடுக்களையில் அறிந்ததே தவிர ஏட்டில் அறிந்ததில்லை. அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது. "நீங்க தப்பு கண்டுபுடிக்க மாட்டீங்க. அதான் உங்க வூட்டுக்கு வந்தேன்க்கா" என்று முதல் நாளே சொன்னாள்.

குடியிருப்பில் எல்லோரும் அவளை 'இன்ஜினியரம்மா' என்றார்கள். பால் போடுகிறவர், எதிர்வீட்டுக்காரர்கள், மகளின் வகுப்பாசிரியை, எல்லோரும். அவளுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதால் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயர் அங்கே புழங்கவே இல்லை. ஆனால் அவள் இன்ஜினியர் அல்லள். வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல் என்ற இரண்டு தாள்களில் தேறாமல் அரியர் வைத்துவிட்டுக் கல்லூரியை விட்டு வந்தவள். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலம் வரை அந்த இரண்டு தாள்களும் அப்படியே இருந்தன. அவள் கணவருக்கு இது தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் திருமணப் பத்திரிகை. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே, ஏரிப்பாசன ஊர் ஒன்றில் நெல் விளைவித்து, டிராக்டரை வாடகைக்கு ஓட்டி அவளைப் படிக்கவைத்தவர் அவள் தந்தை. பத்திரிகை அடிக்கும்போது மகளின் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று போடச் சொல்லிவிட்டார். மண்டபத்து வாசலில் வைத்த பேனரிலும் அதே.

"கல்யாணத்துக்குள்ள எழுதி பாஸ் பண்ணிடுவேன்னு நைனா நம்பினாரு. நானும் நம்பினேன்."

"எழுதவில்லையா?"

"எழுதினேன்க்கா. கல்யாணத்துக்கு முன்னாடியும் எழுதினேன், பொண்ணு வயித்துல இருக்கும்போதும் எழுதினேன், பொறந்த வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு. எல்லா தடவையும் ஒரே கணக்குல நின்னுட்டேன்."

அது அவளுடைய குணம். ஒரு கணக்கை எடுத்தால் அது முடியும் வரை அடுத்ததைத் தொட அவளால் முடியாது. மூன்று மணி நேரத் தேர்வில் அவள் முழுதாகப் போட்டது ஒரு கணக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு. போட்டதெல்லாம் சரி. போடாதது மிகுதி.

இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. வெப்பக் கணக்குகளில் ஒரு வகை உண்டு. குழாயின் உள்ளே நீராவியின் சூடு தெரியும். வெளியே அறைக்காற்றின் சூடு தெரியும். காப்புறையின் மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்பது மட்டும் தெரியாது. அது தெரிந்தால்தான் காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துப் போகிறது என்று சொல்லலாம். காற்று எவ்வளவு எடுத்துப் போகிறது என்று தெரிந்தால்தான் மேற்பரப்பு எவ்வளவு சுடும் என்று சொல்லலாம். ஆகவே ஓர் ஊகத்தில் தொடங்க வேண்டும். அறுபது டிகிரி என்று வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டால் கடைசியில் ஐம்பத்து மூன்று வரும். அப்படியானால் அறுபது பொய். ஐம்பத்து மூன்றை வைத்து மறுபடி முதலிலிருந்து. இப்போது ஐம்பத்து நான்கரை. அதை வைத்து இன்னொரு முறை. ஒவ்வொரு சுற்றிலும் எண் சிறிது சிறிதாக ஆடி, ஆட்டம் குறைந்து, ஓரிடத்தில் நிற்கும். வைத்த எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாகும் இடம் அது.

தேர்வுக்கு இரண்டு சுற்று போதும். வழி தெரியும் என்று காட்டிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அவளுக்குப் போதாது. ஒவ்வொரு சுற்றுக்கும் காற்றின் குணங்களை டேட்டா புக் என்று அவர்கள் சொல்லும் அட்டவணை நூலில் பார்க்க வேண்டும். தேர்வறைக்கும் எடுத்துப்போக அனுமதி உள்ள நூல் அது. அட்டவணையில் ஐம்பதுக்கு ஒரு வரி, அறுபதுக்கு ஒரு வரிதான் இருக்கும். மற்றவர்கள் பக்கத்து வரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் இரண்டு வரிகளுக்கும் இடைப்பட்டதைப் பங்கிட்டு எடுப்பாள். கீரை முறத்திலேயே வாடிக் கிடக்கும்.

"முடிந்ததா?" என்பேன்.

"நம்பர் இன்னும் நிக்கலக்கா."

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ காலைகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டாள். தொட்டிலில் புரளும் குழந்தை இன்னும் கண்ணயரவில்லை என்று அடுத்த அறைக்குச் சொல்லும் குரலில் சொல்வாள்.

நான் செய்த உதவி சிறியது. கேள்வியை உரக்கப் படிப்பேன். தானே படித்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்றாள். அந்தக் கேள்விகளில் என்னைத் தொல்லைப்படுத்தியது ஒன்றுதான்: அவற்றில் ஆட்களே கிடையாது. ஓர் அறை இருக்கும். அதன் ஊடாக ஒரு குழாய் போகும். அறையின் காற்று அசையாமல் இருக்கும். யாருடைய அறை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அவள் பென்சிலை நிறுத்தி யோசித்தாள். "யாரும் உள்ள வரக்கூடாது. வந்தா காத்து அசைஞ்சிடும், கணக்கு மாறிடும்" என்றாள்.

அந்த ஆண்டு அவளுக்கு நெருக்கடி இரண்டு பக்கமிருந்தும் வந்தது. பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. இதில் தேறாவிட்டால் படித்ததெல்லாம் கணக்கில் வராது. பட்டம் ஒருபோதும் இல்லை. அதே சமயத்தில், மறைமலை நகரில் குளிர்விப்புக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தம் நண்பரிடம் அவள் கணவர் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். மனைவி படித்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கிறாளே என்ற ஆதங்கம் அவருக்கு. நண்பர் சரி என்றுவிட்டார். அசல் சான்றிதழ்களுடன் வரச் சொன்னார். அவை தம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருப்பதாக அவள் தந்தை திருமணமான புதிதில் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அவள் கீரை இல்லாமல் வந்தாள். வெறுங்கையைப் பார்த்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"ஞாயித்துக்கெழம நைனா வூட்டுக்குப் போயி சர்ட்டிபிகேட்ட எடுத்துகினு வரலாம்ன்றாரு."

"அப்பாவிடம் சொன்னாயா?"

"போன் பண்ணேன். எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடும்மான்றாரு." சிரிக்க முயன்று, முடியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அந்தப் பொய்யும் அவரே குடுத்தாரு, அதுக்கு முட்டு குடுக்க இந்தப் பொய்யும் அவரே குடுக்கறாருக்கா. எனக்குன்னு நான் ஒரு பொய் கூட சொல்லல. சொல்லத் தெரிஞ்சிருந்தா எப்பவோ தப்பிச்சிருப்பேன்."

"கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடேன்."

"சொல்லலாம். அவரு அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு. ஆனா பஸ்ஸுல அவரு பக்கத்துல உக்காந்து போற அத்தினி பேருக்கும் சொல்லி வெச்சிகிறாருக்கா, என் பொண்டாட்டி இன்ஜினியருன்னு. அவங்க மொகத்த அவரு எப்படிப் பாப்பாரு?"

கடைசியில் தந்தையே ஒரு வழி செய்தார். பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திருப்பதிக்கு ஒரு மண்டலம் சேவை செய்யப் போகிறேன், வந்து தருகிறேன் என்று மருமகனிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். போகவும் செய்தார். கிழவர் மலையில் தங்கியிருக்கும் நாட்கள்தாம் அவளுக்குக் கிடைத்த அவகாசம்.

அவளை ஆற்றுவதற்காக ஒரு காலை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனேன். கடலைப் பார்த்தாலாவது தலைக்குள் ஓடும் எண்கள் ஓயும் என்று நினைத்தேன். கடற்கரைக்குப் போகும் வழியில் தெர்மாகோல் பெட்டிகளை வைத்துக்கொண்டு பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

"ஐஸு எப்பம்மா போட்டீங்க?"

"விடியறதுக்கு முன்ன. இன்னா வேணும் சொல்லு. சங்கரா கீது, காணாங்கத்த கீது."

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"வெயிலப் பொறுத்துது."

"மூடிய அடிக்கடி தொறப்பீங்களா?"

"தொறக்காம மீனு எப்பிடி வெளிய வரும்? நீ மீனு வாங்க வந்தியா, பொட்டி வாங்க வந்தியா?"

பக்கத்துப் பெட்டிக்காரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவ மாதிரி பொட்டிய சுத்தி சுத்திப் பாக்குது பாரு" என்றாள். இவள் சட்டை செய்யாமல் பெட்டிச் சுவரின் கனத்தை விரற்கடையால் அளந்தாள்.

அதன் பிறகு கடல் எங்கள் முன்னால் இருந்தது, அவள் பார்க்கவில்லை. வேர்க்கடலை மடித்த தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, வெயில் எவ்வளவு, பெட்டி எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருந்தாள். நிழல் எங்களை விட்டு நகர்ந்து போனதும் தெரியவில்லை. ஒரு வழியாக எழுந்து, முகம் மலர்ந்து, "அந்த அம்மாகிட்ட சொல்லணும்க்கா. வெள்ளத் துணி போத்தினா இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்று வேகமாக நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது மீன்காரி விற்று முடித்துப் போயிருந்தாள். பெட்டி இருந்த இடத்தில் மணல் மட்டும் ஈரமாக இருந்தது. அவள் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கணக்கு முடிஞ்சிடுச்சு. ஆளக் காணோம்" என்றாள்.

அன்று எனக்கு உண்மையாகவே அச்சம் வந்தது. இவளுக்குக் கணக்கு கற்றுத்தர ஆள் தேவையில்லை. கணக்கை விடக் கற்றுத்தர ஆள் வேண்டும்.

பொத்தேரியில், மாணவர் விடுதிகளுக்கு நடுவே, சிற்றுண்டிக் கடை ஒன்றின் மாடியில் அரியர்காரர்களுக்குத் தனி வகுப்பு நடத்தும் இளைஞரிடம் அவளைக் கூட்டிப்போனேன். மெலிந்த உருவம், தொண்டை கட்டிய குரல். கீழேயிருந்து பரோட்டாக் கல்லின் ஓசை மேலே வந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் அவளும், கடைசி வரிசையில் துணைக்கு நானும் உட்கார்ந்ததைக் கண்டு பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "மச்சான், ரெண்டு ஆன்ட்டியும் அரியரா?" என்று ஒருவன் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

ஆசிரியர் அவள் போட்ட ஒரு கணக்கை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"மேடம், இது எத்தனாவது இட்டரேஷன், எத்தனாவது ரவுண்டு?"

"இன்னும் மாறிக்கினே கீது சார். நிக்கல."

"நிக்க வேணாம் மேடம். ரெண்டு தடவ போடுங்க. இதே மாதிரி தொடரணும்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. ஸ்டெப்புக்குத்தான் மார்க்."

"விடை சரியா இருக்காதே சார்."

"ஒரு டிகிரி, அர டிகிரி வித்தியாசம். யாரு கேக்கப் போறா?"

அவள் தாள்களைத் திரும்ப வாங்கி அடுக்கினாள். ஆன்ட்டி என்று கிசுகிசுத்த பையன் பின்னாலிருந்து, "ஆன்ட்டி, நான் மொத தடவையே நிப்பாட்டிடுவேன். எனக்கும் அரியர்தான்" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். படியிறங்கும்போதுதான் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அவரு சொல்றது நியாயம்தான்க்கா. ஆனா என் கையி கேக்காது. நீங்க சொல்லுங்க. போதும்னு நீங்க சொன்னா விட்டுடறேன்."

அன்றிலிருந்து என் வேலை மாறியது. கேள்வியைப் படித்துவிட்டு, இரண்டாவது சுற்று முடியும் இடத்தில் "போதும்" என்பேன். தொடக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் தோள் குலுங்கும். பென்சில் தாளை விட்டு எழும்பாது. நான் தாளை மெல்ல இழுத்துக்கொள்வேன். பால் குடிக்கும் கன்றைப் பிரித்துக் கட்டும்போது அது நம்மைப் பார்க்குமே, அப்படிப் பார்ப்பாள். பிறகு அடுத்த படத்தை வரையத் தொடங்குவாள். நாட்கள் போகப்போகத் தாளை இழுக்க வேண்டியதில்லாமல் போயிற்று. என் சொல் மட்டும் போதுமாயிற்று. என் சொல்லைத் தேர்வறைக்குள் எப்படி எடுத்துப் போவாள் என்ற கேள்வியை நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் வந்தது வெப்பப் பரிமாற்றத் தாள். கணவர் காலை முறைக்குப் போன பின், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டுக்குப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி தேர்வு மையம். அவளைப் போலவே நரை எட்டிப் பார்க்கும் தலைகள் வாயிலில் நிறைய இருந்தன. வழுக்கை விழுந்த ஒருவர் சுவரில் சாய்ந்து நின்று சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தினி தாள்மா?" என்றார். "ரெண்டு" என்றாள். "குடுத்து வெச்சவங்க" என்றார்.

மணி அடித்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"எத்தனை எழுதினாய்?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"பின்னே என்ன?"

"ஒண்ண விட்டுட்டேன்க்கா. நீராவிக் கொழாயி. ரெண்டாவது ரவுண்டுல உங்க கொரலு கேட்டுச்சு. அப்பிடியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

தேறிவிடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கொளவாய் ஏரியை ஒட்டிப் பேருந்து போகும்போது நான் அதைச் சொன்னேன். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து, விரலால் கம்பியில் எதையோ எழுதிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாடி ஏறவில்லை. நேராக என் சாப்பாட்டு மேசைக்குப் போய், கேள்வித்தாளை விரித்து, விட்ட இடத்திலிருந்து அந்தக் கணக்கைத் தொடர்ந்தாள். சாப்பிடச் சொன்னேன். "தோ, ஆச்சு" என்றாள். நான் காபி போட உள்ளே போனேன். பிற்பகல் பேருந்து வந்த ஓசை எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

மேல்வீடு பூட்டியிருந்ததால் அவர் சாவி கேட்டு என் வாசலுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. நான் சமையலறையிலிருந்து வந்து பார்க்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார், தோளில் சாப்பாட்டுப் பையுடன். அவர் பார்வை கேள்வித்தாளில் இருந்தது. மேலே தேர்வின் பெயர் அச்சாகியிருந்தது. அதன் பக்கத்தில் அவளுடைய நுழைவுச்சீட்டு, புகைப்படத்துடன்.

"இன்னா இது?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரைக் கண்டாள். எல்லாம் முடிந்துபோனது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்களில் நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இரு. சொல்றேன். நம்பர் நிக்கட்டும்" என்றாள்.

அவர் நின்றார். அவள் டேட்டா புக்கைப் புரட்டினாள், இரண்டு வரிகளுக்கு நடுவே பங்கிட்டாள், கால்குலேட்டரைத் தட்டினாள். ஐம்பத்து நான்கு புள்ளி மூன்று. அதை வைத்து இன்னொரு முறை. ஓர் எண் கோணலாக விழுந்தது; அழித்துத் திருத்தி எழுதினாள். ஐம்பத்து நான்கு புள்ளி மூன்று. அதன் கீழே இரட்டைக் கோடு போட்டாள். துகள்களை ஒதுக்கினாள். பிறகு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பத்திரிகையிலிருந்து தொடங்கிப் பீரோ வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பத்திரிகை அடிக்கும்போதே மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டீச்சருக்கு?"

"தெரியும்."

"எத்தினி பேருகிட்ட சொல்லிகிறேன் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதாலதான்."

சாவியை எடுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போனார். செருப்பைக் கழற்றும் ஓசை கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாட்களில் மேல்வீட்டிலிருந்து எந்தப் பேச்சும் இறங்கி வரவில்லை. மிக்ஸி ஓடும், குழாய் திறக்கும், மகள் பாடம் ஒப்பிப்பாள். இருவர் பேசும் குரல் மட்டும் இல்லை. அவள் கீழே வரவும் இல்லை. பாய்ம இயக்கவியல் தாளுக்கு அவள் போவாளா என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்போதுதான் ஒரு மாலை அவர் வந்தார். உள்ளே அழைத்தும் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சர், அடுத்த பரீட்ச என்னிக்கி?"

"அவளிடம் கேட்கலாமே."

"அவகிட்ட கேக்க மாட்டேன். உங்களக் கேக்கறேன்."

சொன்னேன். அவர் கதவு நிலையை நகத்தால் சுரண்டினார். "இதுல பாஸாயிட்டா, பத்திரிகையில போட்டது உண்மையாயிடும் இல்ல?"

"ஆகிவிடும்."

"அப்ப நான் லீவு போடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

தேர்வு நாளில் அவர் அவளை இருசக்கர வண்டியில் கூட்டிப்போனார். நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். வாயிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சுற்று, பிறகு அடுத்தது என்று சொன்னேன். தலையசைத்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் அவளுடைய தண்ணீர்ப் புட்டியின் மூடியை இறுக்கிக் கொடுத்தார்.

நாங்கள் இருவரும் எதிரே புங்கமரத்தடியில் காத்திருந்தோம். எனக்குத் தேநீர் வாங்கி வந்தார். கோப்பையைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கி உங்க வூட்டு டேபிள்ல ... நான் தல வெடிச்சி நின்னுகினு கீறேன். அவ கணக்கு போட்டுகினு கீறா. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தாள கிழிச்சிப் போட்டிருப்பேன் டீச்சர்."

"ஏன் செய்யவில்லை?"

"அந்த நம்பரு என்னா ஆவுதுன்னு நானும் பாத்துகினு இருந்துட்டேன்."

மணி அடித்தது. வழுக்கைத்தலைக்காரர் வந்தார், எங்களை அடையாளம் கண்டு தலையாட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் வந்தார்கள். வாயில் காலியாகி, காவலாளி ஒரு கதவைச் சாத்திய பிறகு, கடைசியாக அவள் வந்தாள். அவசரமில்லாமல் நடந்து வந்தாள். அவள் முகம் அப்படித் தெளிந்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எத்தனை எழுதினாய்?"

"கொழாய் வளையம் வந்துச்சுக்கா."

பாய்ம இயக்கவியலில் அவள் அஞ்சிய கணக்கு அது. வளையமாகப் பிணைந்த குழாய்கள். ஒவ்வொன்றிலும் இவ்வளவு நீர் ஓடும் என்று ஊகித்து, திருத்தி, திருத்தியதையும் திருத்த வேண்டும். எங்கள் மேசையில் அதை ஒருமுறை கூட அவள் இரண்டு சுற்றில் விட்டதில்லை.

"என் குரல் கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு. கொஞ்சம் இருன்னு சொல்லிட்டேன்."

நான் அவரைப் பார்க்க அஞ்சினேன். பத்திரிகையில் போட்டது இனி ஒரு நாளும் உண்மையாகாது. மறைமலை நகர் நண்பரிடம் அவர் என்ன சொல்வார், காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் என்ன சொல்வார் என்று என் மனம் ஓடியது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலிடுக்கில் பென்சில் கரி அப்பியிருந்தது. அந்தக் கையிலிருந்து டேட்டா புக்கை வாங்கி வண்டிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைப் பூட்டினார். பிறகுதான் கேட்டார்:

"நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றாள் அவள்.

அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அவள் ஏறி உட்காரும் வரை இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.